பதினைந்து வாட்டு

பார்வதியம்மாளுக்குக் கண் மங்க ஆரம்பித்தது எந்த வருஷம், எந்த மாசம் என்று கேட்டால் அந்த வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. வேறு வீடாக இருந்தால் தெரிந்திருக்கும். சங்கரசுப்புவின் வீட்டில் வெளிச்சம் என்று ஒன்று இருந்தால்தானே பார்வை குறைவது தெரியும்.

சங்கரசுப்பு கெட்ட மனுஷர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கேட்கிறவர்கள் பாதியிலேயே அவரைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் மூக்காண்டி அண்ணாச்சியின் கமிஷன் கடையில் அவருக்குத் தராசு வேலை. சுற்றுப்பட்டியிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற பிச்சியையும் மல்லியையும் கேந்தியையும் நிறுத்துப் போடவேண்டும். குடி கிடையாது, பீடி கிடையாது, அடுத்தவர் வீட்டு வம்பு கிடையாது. அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு கரண்டுதான். ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிந்தால் இவருக்கு வயிறு எரியும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால்கூடக் கை கழுவிவிட்டு வரும்போது கொல்லைப்புறக் கக்கூஸ் லைட்டை அணைத்துவிட்டுத்தான் வருவார். உள்ளே யாராவது இருந்து சத்தம் போட்டால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி போடுவார்.

கிறுக்கு பிறக்கும்போதே வந்ததில்லை. கோமதித்தாய் என்று ஒரே மகள். அவள் பெரிய மனுஷியாகி வீட்டில் உட்கார்ந்த நாளில்தான் சங்கரசுப்புவுக்குத் தன் சம்பளம் எவ்வளவு சின்னது என்பது உறைத்தது. தராசுக்காரன் சம்பளத்தைக் கூட்ட முடியாது, செலவைத்தான் குறைக்க முடியும். சாப்பாட்டில் கை வைக்க மனசில்லை. துணியில் குறைக்க ஒன்றும் மிச்சமில்லை. கடைசியில் கண்ணில் பட்டது அடுப்பும் விளக்கும்.

விறகை நிறுத்தினார். மரக்கடையில் மரத்தூளைச் சாக்கில் அள்ளி வந்து, தகர டப்பா அடுப்பில் நடுவே பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து இறுக்கி, பாட்டிலை உருவிவிட்டுப் பற்றவைக்கச் சொன்னார். ஒருதரம் இறுக்கினால் சோறும் குழம்பும் ஆகிவிடும். புகைதான் வீட்டை விட்டு வெளியே போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அறுபது வாட்டு பல்பை இறக்கி நாற்பது போட்டார். அப்புறம் இருபத்தைந்து. அப்புறம்தான் அவருடைய வாழ்க்கையின் பெரிய யோசனை வந்தது. முன்கூடமான பட்டாசாலைக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருந்த சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு செங்கல்லைப் பெயர்த்து எடுத்தார். அந்தப் பொந்துக்குள் பல்பைத் தொங்கவிட்டார். ஒரே பல்பு, ரெண்டு பக்கமும் வெளிச்சம். தெருவிலிருந்து நாலைந்து பேர் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் வீட்டுச் சுவரையும் பெயர்த்தார்கள். சங்கரசுப்பு அன்றைக்கு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பொந்துதான் கோமதித்தாயைக் கட்டிக்கொடுத்தது என்று அவர் சொல்வார். பொய்யில்லை. அணைத்து அணைத்து மிச்சம் பிடித்ததைத் தபாலாபீசில் பார்வதியம்மாள் பெயரில் போட்டுவந்தார். பனவடலிசத்திரத்தில் துரைப்பாண்டி என்கிற நல்ல பையனுக்கு, ஒருத்தரிடமும் கைமாற்று வாங்காமல் கல்யாணத்தை முடித்தார். மார்க்கெட்டில் அவருடைய தரத்தில் இருந்த வேறு எவனாலும் அது முடிந்ததில்லை.

அன்றோடு நிறுத்தியிருக்கலாம். மகள் போனபிறகு வீட்டில் இரண்டே பேர். யாருக்காக இனி மிச்சம் பிடிக்க? ஆனால் பழகின கை சும்மா இருக்குமா? ரெண்டு பேருக்கு எதற்கு இருபத்தைந்து என்று பதினைந்து வாட்டு பல்பை வாங்கிவந்து பொந்தில் மாட்டினார். மார்க்கெட்டுக்காரர்கள் அவருக்குப் ‘பதினஞ்சு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். “ஏ பதினஞ்சு, அந்தக் கேந்திய நிறுத்தாச்சா?” என்பார்கள். அவருக்குக் கோபம் வராது. பட்டம் கிடைத்த மாதிரி சிரித்துக்கொள்வார்.

பார்வதியம்மாள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. அவளுக்கும் ஒரு வேலை உண்டு. கடையிலிருந்து கூடையில் வரும் உதிரிப்பூவை வாழைநாரில் கட்டிச் சரமாக்கித் திருப்பி அனுப்புவாள். சாயங்காலம் வீட்டுக்குள் இருட்டு கவிந்தபிறகும் அவள் கை நிற்காது. விரல் பூவைத் தேடும், காம்பைச் சேர்க்கும், நாரைச் சுற்றும். சங்கரசுப்பு இதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். “எம் பொண்டாட்டிக்கு லைட்டே வேண்டாம் வே. அவ வெரலுக்கே கண்ணு உண்டு.”

இதைச் சொன்ன நாக்கைப் பிற்பாடு அறுத்துப் போட்டால் என்ன என்று அவருக்கு இருந்தது.

கோயில் மணி அடித்தபிறகுதான் அந்த வீட்டில் விளக்குப் போடுவது. சுவிட்சைத் தொடுகிற உரிமை சங்கரசுப்புவுக்கு. அந்த நேரத்துக்குப் பார்வதியம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பட்டாசாலைக்கு வந்து பொந்தைப் பார்த்து நிற்பாள். ‘டக்’ என்று சத்தம் கேட்டதும் அந்தப் பல்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, கும்பிட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். எல்லா வீட்டிலும் பெண்கள் செய்வதுதான். பதினைந்து வாட்டாக இருந்தாலும் விளக்கு விளக்குதானே.

அப்படிக் கும்பிட்டுவிட்டு ஒருநாள் கேட்டாள்.

“ஏங்க, பல்ப மறுபடியும் கொறைச்சிட்டியளா?”

“இல்லியே. அதே பதினஞ்சுதான்.”

“வெளிச்சம் பத்தலியே.”

“ஒனக்கு எப்பந்தான் பத்திச்சு? கோயில்ல ஆடித்தவசுக்குப் போடுத லைட்ட எல்லாம் இங்கன கொண்டாந்து கட்டுனாலும் பத்தலம்ப.”

சொல்லிவிட்டாரே தவிர, மனசு கேட்காமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, துண்டால் பல்பைத் துடைத்தார். துண்டு சுட்டது. “இப்பப் பாரு” என்றார். பார்வதியம்மாள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். “ஆமா, இப்பத் தேவலாம்” என்றாள்.

மறுநாள் கடையில் இதைச் சொல்லிச் சிரித்தார். “பல்பே மாத்தல வே. மாத்திட்டேன்னு சண்டைக்கு வாரா.” கடையே சிரித்தது. மூக்காண்டி அண்ணாச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார்.

இன்னும் எத்தனையோ நடந்தது. நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டாள். “பாத்து நடக்கப்பிடாதா?” என்றார். அம்மன் கோயில் புற்றுமண்ணை நெற்றியிலும் இமையிலும் பூசிக்கொண்டு ரெண்டு மூன்று நாள் திரிந்தாள். சங்கரன்கோவிலில் தலைவலியா, தேமலா, எதற்கும் புற்றுமண்தான். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கட்டி அனுப்பின சரத்தில் பழுத்துக் கருகின மொட்டெல்லாம் சேர்ந்து வருகிறது என்று அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். வெயில் காலம், பூ அப்படித்தான் வருகிறது என்று இவர் அண்ணாச்சிக்கே சமாதானம் சொன்னார். பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாளும் இவளும் எங்கே போனாலும் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் கைகோத்துக்கொண்டு போனார்கள். இந்த வயசில் இவர்களுக்கு என்ன சிநேகம் என்று நினைத்தார்.

கோமதித்தாய் ஒருமுறை வந்தவள், “எம்மா, என்ன இது, சேலைய உள்வெளியா கட்டிக்கிட்டு நிக்க?” என்று கேட்டுவிட்டு, தகப்பன் பக்கம் திரும்பினாள். “எல்லாம் ஒங்க பதினஞ்சு வாட்டு செய்த வேலைப்பா. இந்த இருட்டுல எவளுக்கு உள்ளு தெரியும், எவளுக்கு வெளிய தெரியும்?” பழி பல்பின்மேல் விழுந்தது. அந்த வீட்டில் எது நடந்தாலும் பழி பல்பின்மேல்தான் விழும். அதனால் வேறு எங்கும் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கோமதித்தாய் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. பார்வதியம்மாள் ஆளே மாறிப்போனாள். எதைப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில், “பிள்ள யாரு சாயல்ல இருக்கோ? மொதல்ல மொகத்தப் பாக்கணும்” என்று வந்து முடிப்பாள். ஆனால் பனவடலிசத்திரத்துக்காரர்கள் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அனுப்பத் தயங்கினார்கள். கோமதித்தாயின் மாமியார் நேராகவே கேட்டுவிட்டாளாம். “அந்தக் குகைக்குள்ள போயா பிள்ள பெறணும்?” இதைக் கோமதித்தாய் அழுதுகொண்டே வந்து சொன்னாள்.

சங்கரசுப்புவுக்குச் சுருக்கென்றது. ஊரார் பதினஞ்சு என்றபோது வராத ரோஷம் சம்பந்தி வீட்டார் குகை என்றதும் வந்தது. அன்றைக்கே போய் டியூப்லைட் ஒன்று வாங்கிவிட்டார். அவர் கையில் டியூப்லைட் பெட்டியைப் பார்த்துத் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

மாட்டிக்கொடுக்க பாதுஷா வந்தான். கடையநல்லூர்க்காரன், மார்க்கெட்டுக் கடைகளுக்கெல்லாம் அவன்தான் வயரிங். பார்வதியம்மாள் முத்துமாரியம்மாளோடு மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடை வரிசையில் நிற்கப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் மாட்டி முடித்துவிட வேண்டும், வந்து நிற்கும்போது போட்டுக் காட்டவேண்டும் என்று சங்கரசுப்புவுக்கு ஆசை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று அவர் செய்கிற முதல் ஆடம்பரம் அது. வாசல்நிலைக்கு நேர் மேலே மாட்டினால் பட்டாசாலை முழுக்க வெளிச்சம் விழும் என்று பாதுஷா சொன்னான். சரி என்றார். பொந்திலிருந்த பதினைந்து வாட்டு பல்பைக் கழற்றி, “இத என்ன செய்ய அண்ணாச்சி?” என்று பாதுஷா கையில் வைத்துக்கொண்டிருந்தபோது பார்வதியம்மாள் மண்ணெண்ணெய் டின்னோடு உள்ளே வந்தாள். கோயில் மணியும் அடித்தது.

“இந்தா, வெளக்குப் போடப் போறேன். வந்து நில்லு” என்றார் சங்கரசுப்பு. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

அவள் டின்னை மூலையில் வைத்தாள். முகத்தைத் துடைத்தாள். எப்போதும் நிற்கிற இடத்தில் வந்து நின்றாள்.

‘டக்’.

டியூப்லைட் மினுக்கியது. இன்னொரு தரம் மினுக்கிப் பிடித்துக்கொண்டது. பால் பொங்கின மாதிரி வீடு முழுக்க வெளிச்சம். சுவரெல்லாம் மரத்தூள் புகையின் கரி, உத்தரத்தில் ஒட்டடை, மூலையில் வாழைநார்த் துண்டுகள், வருஷக்கணக்காக இருட்டில் கிடந்ததெல்லாம் ஒரே நொடியில் வெளியே வந்தது.

பார்வதியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். பொந்தைப் பார்த்துக் கும்பிட்டாள். வெறும் செங்கல் பொந்து. பல்பு பாதுஷா கையில் இருந்தது. டியூப்லைட் அவள் முதுகுக்குப் பின்னால், வாசலுக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது. அவள் முகத்தை நிமிர்த்திப் பொந்தையே பார்த்தபடி கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சங்கரசுப்பு சிரித்தார். “ஏட்டி, வெளாடுதியா? பொறத்தால திரும்பிப் பாரு.”

அவள் திரும்பினாள். திரும்பினது விளக்கைப் பார்த்து இல்லை, அவர் குரல் வந்த பக்கம்.

“என்னமோ வெள்ளையா இருக்கு, ஆனா எடம் தெரியல. எங்கன மாட்டியிருக்கிய?” என்று கேட்டாள்.

பாதுஷா பல்பைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தான். “அண்ணாச்சி, நான் வாரேன். துட்டு பொறவு வாங்கிக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு ஸ்குரூ டிரைவரைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

சங்கரசுப்பு அவளைப் பிடித்து உட்காரவைத்தார்.

“எப்பயிருந்து இப்படி?”

“எப்பயிருந்துன்னு என்னத்தச் சொல்ல?” என்றாள் பார்வதியம்மாள். “இருட்டா இருந்தா, நீங்க லைட்டு போடலன்னு நெனச்சிக்கிடுவேன். போட்டபொறவும் இருட்டா இருந்தா, பல்பக் கொறைச்சிட்டியன்னு நெனச்சிக்கிடுவேன்.”

குரலில் குற்றம் சொல்கிற சாயல் கொஞ்சம்கூட இல்லை. நேற்று என்ன குழம்பு வைத்தாய் என்று கேட்டால் சொல்வாளே, அப்படிச் சொன்னாள்.

“பகல்ல?”

“பகல்ல அடுப்புப் பொகைன்னு நெனச்சேன். நேரா இருக்கது தெரியும், பக்கத்துல இருக்கது தெரியாது. நம்ம செவத்துப் பொந்து வழியா எட்டிப் பாக்காப்ல இருக்கும். வயசாவுதுல்லா, எல்லாருக்கும் இப்படித்தான் போலன்னு இருந்துட்டேன். கோயில்ல கோமதியம்மைகிட்ட மட்டும் சொன்னேன். புத்துமண்ணு எடுத்துப் பூசுனேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?”

“சொன்னேனே” என்றாள் அவள். “பல்பக் கொறைச்சிட்டியளான்னு கேட்டேனே.”

கடை முழுக்கச் சிரித்த சிரிப்பு சங்கரசுப்பு காதில் மறுபடி கேட்டது.

கல்யாணத்துக்கு அப்புறம் தபாலாபீசில் சேர்ந்திருந்ததை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனார். பார்வதியம்மாள் பெயரில் சேர்த்த பணம், முதல்முறையாகப் பார்வதியம்மாளுக்கே செலவானது. கண்ணாஸ்பத்திரி டாக்டரம்மா வயசில் சின்னவள், பொறுமைசாலி. இருட்டறையில் உட்காரவைத்து ரெண்டு கண்ணையும் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சங்கரசுப்புவைத் தனியே கூப்பிட்டாள்.

“கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி நரம்பு செத்துப்போயிருக்கு. இடது கண் முழுசாப் போயிட்டது. வலது கண்ணில் நடுவில் ஒரு துளி இருக்கு. போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. சொட்டு மருந்து தரேன். தினமும் தவறாமல் போட்டால் மிச்சம் இருக்கிறது கொஞ்ச நாள் நிற்கலாம்.”

“எத்தன நாளும்மா?”

“அதை நான் சொல்லமாட்டேன். சொன்னால் பொய்யாயிரும்.”

சங்கரசுப்பு துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். கேட்காமல் போனால் வீடுபோய்ச் சேரமாட்டோம் என்று தோன்றியது. “அம்மா, வீட்டுல லைட்டு கம்மி. நாந்தான் கரண்டுக்குப் பயந்து கம்மியா வச்சிருந்தேன். அதனால வந்துருக்குமா?”

“இல்லை. இருட்டில் இருந்தால் இந்த வியாதி வராது” என்றாள் டாக்டரம்மா. அவர் மூச்சுவிட்டார். அவள் சீட்டில் மருந்தின் பெயரை எழுதிக்கொண்டே, “ஆனால் வெளிச்சம் இருந்திருந்தால் முன்னாடியே கண்டுபிடிச்சிருப்பீங்க. அப்பவே வந்திருந்தா நிறையக் காப்பாத்தியிருக்கலாம்” என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் சங்கரசுப்பு அழுதார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதார். பார்வதியம்மாளுக்கு அழுகிற சத்தம்தான் கேட்டது. கையால் தடவி அவர் முகத்தைக் கண்டுபிடித்து முந்தானையால் துடைத்தாள்.

“பஸ்ஸுல வச்சு என்ன இது? எனக்கு ஒண்ணும் வேண்டாம். கோமதி பிள்ள மொகத்த ஒருவாட்டி பாத்துட்டேன்னா போதும். அதுவரைக்கும் இந்தத் துளி நிக்கணும்.”

அதன்பிறகு சங்கரசுப்புவுக்கு வேறு நினைப்பு இல்லை. காலையிலும் மாலையிலும் அவரே மருந்து விடுவார். ஒரு சொட்டு கன்னத்தில் வழிந்தால் பதறிப்போய் இன்னொரு சொட்டு விடுவார். மரத்தூள் அடுப்பைத் தூக்கித் தெருவில் எறிந்தார். அடுக்களைக்கும் பின்வாசலுக்கும் புதுசாக விளக்குப் போட்டார். கடைக்குப் போகும்போதுகூட எல்லாவற்றையும் எரியவிட்டுவிட்டுப் போனார். அந்தத் தெருவில் பட்டப்பகலில் விளக்கு எரிந்த வீடு அது ஒன்றுதான். ‘பதினஞ்சு’ என்று கூப்பிடுவதை மார்க்கெட்டில் எல்லாரும் தாங்களாகவே நிறுத்திவிட்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

ஆனால் பார்வதியம்மாள் கை சும்மா இருக்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே வருவாள். சுவிட்சின் குமிழ் கீழே இறங்கியிருந்தால் மேலே தள்ளிவிட்டுப் போவாள். அவர் வந்து மறுபடி போடுவார். ஒரு தடவை பட்டாசாலை விளக்கை அணைத்துவிட்டு, “ஆளில்லாத எடத்துல என்னத்துக்கு எரியுது?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். சங்கரசுப்பு அங்கேதான், அவளுக்கு ரெண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார். நான் இருக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

நாள் போகப்போகப் பொந்து சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் அவளால் அவர் முகத்தை முழுசாகப் பார்க்க முடிந்தது. பிறகு மூக்கும் வாயும். பிறகு, “மீச மட்டும் தெரியுது. நரைச்சுப்போச்சே” என்றாள். வளைகாப்பு முடிந்து கோமதித்தாய் வந்து இறங்கினபோது, மகளின் வயிற்றைத் தடவிப்பார்த்துதான் ஆசீர்வாதம் பண்ணினாள். மகள் தாயைக் கட்டிக்கொண்டு, “எல்லாம் நான்தாம்மா. சேலைய மாத்திக் கட்டுனப்பவே எனக்குத் தோணியிருக்கணும்” என்று அழுதாள். சங்கரசுப்பு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

ஒருநாள் மத்தியானம் வலி எடுத்தது. நர்ஸம்மா வந்து அறைக்குள் போனாள். பார்வதியம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தாள். வெயில் தாழ்ந்து, இருட்டு விழுகிற நேரத்தில் குழந்தையின் அழுகை கேட்டது.

“பொட்டப்புள்ள. ரெண்டு உயிரும் நல்லா இருக்கு” என்றாள் நர்ஸம்மா.

சங்கரசுப்பு ஓடிப்போய்ச் சுவிட்சைத் தட்டினார். டியூப்லைட் ரெண்டு ஓரத்திலும் சிவப்பாகக் கனிந்தது. பிடிக்கவில்லை. அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். மினுக் மினுக் என்றது, அணைந்தது. அந்த நேரத்தில் ஊரில் தறியெல்லாம் ஓடும், காட்டில் பம்புசெட்டெல்லாம் ஓடும். வோல்டேஜ் வராது. பழைய பதினைந்து வாட்டு பல்பாவது அழுதுகொண்டே எரியும். டியூப்லைட் எரியவே எரியாது.

பார்வதியம்மாள் பிள்ளையைத் துணியில் ஏந்திக்கொண்டு பட்டாசாலைக்கு வந்துவிட்டாள். நர்ஸம்மா அவள் தோளைப் பிடித்து நடத்தி வந்தாள். “போட்டாச்சா?” என்று கேட்டாள் பார்வதியம்மாள்.

“இந்தா, ஒரு நிமிசம். இந்தா...”

“இல்லாட்டா காலம்பற வெயில்ல பாத்துக்கிடுதேன். பச்சமண்ண வெளிய கொண்டுபோவக் கூடாது, சன்னலுக்கிட்ட வச்சுப் பாத்துக்கிடுதேன்.” ஏந்தின துணியை இழுத்து மூடினாள். “ஆனா இன்னைக்குக் காலைலயே ஒங்க மீசயும் செரியாத் தெரியல பாத்துக்கிடுங்க.”

சங்கரசுப்பு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். ஸ்டார்ட்டரைத் திருகினார், இறுக்கினார், விரலால் தட்டினார். வேர்த்துக் கொட்டியது. ஏழெட்டு வருஷமாக விளக்கு அணையவேண்டும் என்று நினைத்த மனுஷர், ஒரு விளக்கு எரியவேண்டும் என்று அம்மனை அத்தனை சாமியோடும் சேர்த்துக் கூப்பிட்டார். இனி கேட்கவே மாட்டேன், இந்த ஒருதரம் எரியச் சொல்லு என்று வாய்விட்டே சொன்னார். மறுபடி திருகினார். மினுக்கியது. மினுக்கி, நின்று, சட்டென்று வீடு வெளுத்தது.

ஸ்டூலின் மேல் நின்றபடியே சங்கரசுப்பு கையெடுத்து அந்த விளக்கைக் கும்பிட்டார்.

பார்வதியம்மாள் பிள்ளையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஒரே பார்வையில் முழு முகமும் அவளுக்குக் கிடைக்கவில்லை. தலையை மெல்ல மெல்ல அசைத்து, அந்தத் துளிக்குள் எவ்வளவு விழுமோ அவ்வளவாகப் பார்த்தாள்.

“நெத்தி கோமதிக்கு உள்ளதேதான். புருவம் இன்னும் வரல... கண்ண மூடிக்கிட்டிருக்கா, கள்ளி. இது காது. இது...” கொஞ்சம் தேடினாள். “அய்யோ பாவமே, மூக்கு ஒங்க மூக்குல்லா! பொட்டப்புள்ளைக்குப் போயி இந்த மூக்கா?”

அறைக்குள்ளிருந்து கோமதித்தாய் சிரிப்பது கேட்டது. பார்வதியம்மாளும் சிரித்தாள். நெற்றியிலிருந்து மறுபடி ஆரம்பித்து, கண், கன்னம், வாய், நாடி என்று ஒவ்வொன்றாக, பூக்கட்டுகிறவள் ஒவ்வொரு பூவாகச் சேர்த்துவைப்பதுபோல, அவசரமில்லாமல் பார்த்து முடித்தாள். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“பாத்துட்டேன்” என்றாள். “போதும். இனி லைட்ட அமத்துங்க. கரண்டு வீணாப் போவுது.”

சங்கரசுப்பு ஸ்டூலின் மேலேயே நின்றார். சுவிட்சு கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.